மடுவுக்குப் போன ரெஜிபோம் பெட்டி

அம்மா மடு மாதா கோயில் திருவிழாவுக்கு வரமாட்டேன் என்று சொன்னது 2023இல். மாதாவோடு கோபம் ஒன்றுமில்லை. எங்களுடையது சைவ வீடுதான், ஆனாலும் மடுவுக்கு நேர்த்தி வைக்காத வீடு வன்னியில் குறைவு. சிக்கல் இரவுத் தங்கலில் இருந்தது. ஆகஸ்ட் 15 பெருவிழாவுக்கு நாலைந்து நாள் முன்னமே சனம் வந்து, கோயிலைச் சுற்றியுள்ள மரங்களின் கீழே கூடாரம் அடித்து, அங்கேயே சமைத்துச் சாப்பிட்டுப் படுக்கும். நாங்களும் வழக்கம்போல நீலத் தறப்பாளை எடுத்து வெளியே வைத்தோம். அம்மா அதைப் பார்த்தார்.

"உதுக்குள்ள இனி நான் படுக்கமாட்டன். நீங்கள் போட்டு வாங்கோ."

போர் முடிந்த 2009க்குப் பிறகு செட்டிகுளத்தில், இடம்பெயர்ந்தோருக்கான மெனிக் பாம் முகாமில், ஒரு வருடத்துக்கு மேல் தறப்பாளின் கீழ் இருந்தவர். காற்றில் அது படபடக்கும் சத்தம் கேட்டாலே நித்திரை போய்விடும் என்று முன்பும் சொல்லியிருக்கிறார். நாங்கள்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த முகாமை 2012 செப்டெம்பரில் மூடிவிட்டார்கள். தறப்பாள் மட்டும் எங்கள் வீட்டுக் கொட்டிலில் மடித்தபடி இருந்தது.

அந்த வருடம் யாரும் போகவில்லை. அடுத்த வருடத்துக்காக நானும் மச்சானும் சேர்ந்து செய்த படுக்கைப் பெட்டியின் கதைதான் இது. செய்தது 2024இல். அதே வருடம் உடைந்து, நனைந்து, எறும்பு புகுந்து, பிறகு திருத்தி 2025இல் திரும்பவும் மடுவுக்குப் போனது. யாராவது இதைச் செய்ய நினைத்தால் எங்கள் பிழைகளைத் திரும்பச் செய்யாமல் தங்கள் சொந்தப் பிழைகளைச் செய்யட்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

கையில் இருந்தது

மல்லாவிப் பக்கம் மச்சானிடம் ஒரு லாண்ட்மாஸ்டர் இருக்கிறது. வன்னிக்கு வெளியே இருப்பவர்களுக்காக: வயலில் பின்னால் நடந்து உழும் இரண்டு சில்லு உழவு மெசின். வீதிக்கு ஏறும்போது பின்னால் ஒரு பெட்டியைக் கொழுவி, அந்தப் பெட்டியின் முன்பலகையில் இருந்துகொண்டு நீளக் கைபிடியைப் பிடித்து ஓட்டுவது. மணிக்கு 15 கிலோமீற்றர் போனால் நல்ல ஓட்டம். பெட்டியின் தளம் ஏழடிக்கு நாலடி. பக்கப் பலகைகளைக் கழற்றினால் வெறும் தளம் கிடைக்கும். இரண்டு பேர் நீட்டிப் படுக்க அது போதும்.

ஆனால் அந்தப் பெட்டியில்தான் விதைநெல், பசளை, அறுவடை நெல், விறகு, கோயில் பந்தல் தடிகள் எல்லாம் போகின்றன. ஒரு கிழமைக்கு மேல் அதைக் கட்டிப்போட மச்சான் சம்மதிக்கவில்லை. ஆகவே நாங்கள் செய்யும் கூடு தளத்தில் ஏற்றி இறக்கக்கூடியதாக இருக்கவேண்டும், அதுவும் வீட்டில் இருக்கும் நாலு பேரால். ஆளுக்கு 20 கிலோ, மொத்தம் 80. அதற்கு மேல் போனால் அயலவரைக் கூப்பிட வேண்டும், அவர்களுக்குத் தேத்தண்ணி வைக்க வேண்டும், அவர்கள் ஆளுக்கொரு ஆலோசனை சொல்வார்கள். 80 கிலோ என்ற கணக்கு அங்கிருந்துதான் வந்தது.

காலபோகத்தில், அதாவது மாரி நெற்போகத்தில், வயற்காவலுக்கும் பாவிக்கலாம் என்பது மச்சானின் திட்டம். காட்டோரத்து வயலுக்கு அல்ல. யானைக்கு இந்தப் பெட்டி ஒரு அப்பளம். அங்கே மரத்துப் பரணும் யானை வெடியும்தான். ஊரை ஒட்டிய வயலில் பன்றிக்கும் மாட்டுக்கும் முழித்திருக்கும் இரவுகளுக்கு என்றால் சரி.

பலகையில் செய்வதென்றால் பாரம் எங்கேயோ போய்விடும். எட்டடிக்கு நாலடி, 12 மில்லிமீற்றர் பிளைவூட் ஒன்று 20 கிலோ வரும். எங்கள் பெட்டிக்குத் தளம், கூரை, நாலு சுவர் சேர்த்து 148 சதுர அடி, அதாவது ஐந்து பலகை. பிளைவூட்டே 100 கிலோ. அதே எட்டுக்கு நாலில் இரண்டு அங்குல ரெஜிபோம் தகடு ஒன்று மூன்று கிலோ. முல்லைத்தீவில் மீன் ஏற்றும் வெள்ளைப் பெட்டி இருக்கிறதே, அதே சாமான்தான், கொஞ்சம் இறுக்கமான வகை, கன மீற்றருக்கு 20 கிலோ. அதற்குள் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு காற்று.

தச்சுவேலை செய்யும் ஓடாவி அண்ணையிடம் காட்டினோம். அவர் விரலால் அழுத்தினார், பள்ளம் விழுந்தது. "தம்பி, இது மீனுக்குச் சரி. மனுசருக்கு முதிரை வேணும்" என்றார். முதிரை ஒரு கன அடி 27 கிலோ வரும், ரெஜிபோம் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட. அண்ணையின் வாழ்க்கை முழுவதும் முதல் வகைச் சாமானோடு போனது. அவரைப் பிழை சொல்ல முடியாது. அவர் சொன்னதில் பாதி பிறகு உண்மையாகவும் போயிற்று, அவர் சொன்ன காரணத்துக்காக அல்ல.

கரைந்த தகடு

முதல் யோசனை பைபர். முல்லைத்தீவுக் கரையில் பைபர் படகு திருத்துபவர்கள் இருக்கிறார்கள், ரெஜிபோமின் மேல் பைபர் பாயையும் ரெசினையும் போட்டால் படகுபோல இறுகிவிடும் என்று நினைத்தோம். படகு வேலை செய்யும் ஒருவரிடம் ஒரு துண்டைக் கொண்டுபோனோம். அவர் சிரித்துக்கொண்டே தூரிகையால் ரெசினைத் தொட்டுப் பூசினார். சர்க்கரைக் கட்டியில் சுடுதண்ணீர் ஊற்றியதுபோல, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க அது குழிந்து உள்ளே இறங்கியது.

காரணம் எளிது. படகுக்குப் பாவிக்கும் பொலியெஸ்டர் ரெசினை இளக்கி வைத்திருக்கும் திரவம் ஸ்டைரீன். ரெஜிபோம் என்பது பொலிஸ்டைரீன். ஒரே குடும்பம், ஒன்றையொன்று கரைக்கும். பெற்றோல், தின்னர், செருப்புக்கடைப் பசை எல்லாம் இதே வேலையைச் செய்யும். எபொக்சி ரெசின் கரைக்காது. விலையைக் கேட்டுவிட்டு அந்தப் பேச்சை விட்டோம்.

அதனால் தண்ணீரில் கலந்த பசைக்குப் போனோம். ஓடாவிமார் பாவிக்கும் வெள்ளைப் பசை ரெஜிபோமை ஒன்றும் செய்யாது. அதைத் தடவிப் பருத்தித் துணியை விரித்து, மேலே இன்னொரு முறை தடவி, காய்ந்ததும் வெளிச்சுவர்ப் பெயின்ற் அடித்தால் ஒரு தோல் கிடைக்கும். துணிக்கு வீட்டிலும் சொந்தக்காரர் வீட்டிலும் பழைய வேட்டிகள் சேர்த்தோம். புதுத் துணியில் கஞ்சி இருக்கும், பசை ஊறாது. ஈரம்பட்டால் சுருங்கவும் செய்யும். பத்து வருடம் கட்டித் துவைத்த வேட்டியில் அந்த இரண்டு குணமும் போயிருக்கும். பதினொரு வேட்டி தேவைப்பட்டது. எங்கள் பெட்டியின் வலப்பக்கச் சுவரில் சாய்ந்த வெயில் படும்போது ஒரு கரை மெல்லிதாகத் தெரியும். அது பெரியப்பாவின் கலியாண வேட்டி என்று அம்மா சொல்வார்.

வெட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. கத்தியாலும் அரத்தாலும் வெட்டினால் வெள்ளை மணிகள் உதிர்ந்து காற்றில் வளவு முழுக்கப் பறக்கும். முதல் நாள் அப்படித்தான் வெட்டினோம். கோழிகள் பொரி என்று நினைத்துக் கொத்தத் தொடங்கின, பின்னேரம் முழுக்க அம்மாவோடு சேர்ந்து பொறுக்கினோம். இரண்டாம் நாள் பழைய மின்னடுப்பின் சுருள் கம்பியை நீட்டி இரண்டு தடிக்கு நடுவே இழுத்துக் கட்டி, மோட்டார்சைக்கிள் பற்றறியில் கொடுத்தோம். கம்பி சிவக்கத் தேவையில்லை, சூடேறினால் போதும். வெண்ணெயில் நூல் விட்டதுபோலப் போகும். புகை கெட்டது. வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி நின்றுதான் வெட்ட வேண்டும்.

தகட்டோடு தகட்டை ஒட்டுவதற்கும் அதே வெள்ளைப் பசையைப் போட்டு, மேலே கல் வைத்து, ஐந்து நாள் காத்திருந்தோம். தூக்கிப் பார்த்தால் உள்ளே பால்போல அப்படியே இருந்தது. இந்தப் பசை தண்ணீர் வெளியேறினால்தான் இறுகும். இரு பக்கமும் நுரை என்றால் தண்ணீர் எந்த வழியால் போகும்? பிறகு மூலைகளை எல்லாம் டப்பாவில் வரும் பொங்கு நுரைப் பசையால் ஒட்டினோம். அது காற்றின் ஈரத்தை எடுத்து இறுகும் வகை.

கதவு விழுந்த இடம்

சுவர்கள் எழும்பியதும் எங்களுக்குப் பயம் பிடித்தது. கை வைத்தால் ஆடுகிற ஒன்றுக்குள் அம்மாவை எப்படிப் படுக்க வைப்பது? ஓடாவி அண்ணையின் முகத்தையும் பார்க்க வேண்டியிருந்தது. உள்ளே நாலு மூலையிலும் முதிரைச் சட்டம் நிறுத்தினோம். நாலும் சேர்த்து எட்டுக் கிலோ. பலட் பிரித்து எடுத்த பைன் சலாகைகளைக் கதவைச் சுற்றி, யன்னலைச் சுற்றி, அடியைச் சுற்றி வைத்தோம். தளத்துக்கு மேலே நாலு மில்லிமீற்றர் பிளைவூட்.

இத்தனை மரம் வைத்த நாங்கள் வைக்கவேண்டிய ஒரு இடத்தில் வைக்கவில்லை. கதவின் பிணைச்சலை நீள ஸ்குறூவால் நேரே ரெஜிபோமில் முறுக்கினோம். முறுக்கும்போது பிடித்தது. ஓட்டம் பார்க்கக் கிறவல் வீதியில் கொண்டுபோனோம். லாண்ட்மாஸ்டர் பெட்டிக்கு வில் கிடையாது, பள்ளத்தின் ஒவ்வொரு அடியும் அச்சிலிருந்து நேரே மேலே வரும். அதோடு ஒற்றைச் சிலிண்டர் டீசலின் அதிர்வு. கால் மணித்தியாலத்தில் கதவு வரம்போரம் கிடந்தது. ஸ்குறூக்கள் நாலும் பிணைச்சலோடு நேராக, பளபளவென்று இருந்தன. அவை இருந்த துளைகள் விரல் நுழையும் அளவு.

நுரையில் எதுவும் ஒரு புள்ளியில் தொங்கக்கூடாது. பிணைச்சல் வரும் இடத்தில் மூன்றங்குல அகலத்துக்கு நுரையை வெட்டி எடுத்து, அந்தப் பள்ளத்தில் பலகைத் துண்டை ஒட்டி, உள்ளும் புறமும் பிளைவூட் சதுரம் வைத்து, ஊடறுத்து போல்ட் போட்டோம். பெட்டியை மெசின் தளத்தோடு கட்டும் நாலு இடத்துக்கும் அதே முறை. தளத்துக்கும் பெட்டிக்கும் நடுவே பழைய ரயர் ரியூபைப் பட்டையாக வெட்டி வைத்தோம், கிறீச் சத்தம் நின்றது.

நிறம் பற்றி மச்சானுக்கும் எனக்கும் சண்டை. அவருக்குக் காட்டோடு சேரும் கரும்பச்சை வேண்டும். ஒரு துண்டில் கறுப்பும் ஒரு துண்டில் வெள்ளையும் அடித்து மாசி வெயிலில் வைத்தோம். வெள்ளை அப்படியே இருந்தது. கறுப்பு தொட முடியாமல் சுட்டது, இரண்டாம் நாள் முகம் அலை அலையாகச் சுருங்கியிருந்தது. ரெஜிபோம் 80 பாகைக்குக் கிட்டப் போனால் இளகத் தொடங்கிவிடும், வன்னி மத்தியானத்தில் கறுத்த பரப்பு அதை எட்டிப் பிடிப்பது பெரிய விசயமல்ல. வெள்ளை அடித்தோம். மச்சான் கதவை மட்டும் பச்சையாக்கினார்.

மடுவில்

2024 ஆகஸ்டில் விடிய ஐந்து மணிக்குப் புறப்பட்டு, பாலம்பிட்டி வழியாக, இரண்டு இடத்தில் நின்று, பத்தரைக்கு மடுவுக்குப் போய்ச் சேர்ந்தோம். பெட்டிக்குள் பாயும் சட்டிபானையும் மட்டும்தான். ஓடும்போது உள்ளே ஆள் ஏறக்கூடாது என்பது நாங்கள் முதல் நாளே போட்ட சட்டம், நுரைச் சுவர் விபத்தில் யாரையும் காக்காது. அம்மாவும் அக்காவும் வான் வண்டியில் வந்தார்கள். வழியில் நிறுத்திய இரண்டு இடமும் வீதியோரத் தேத்தண்ணிக் கடை. நிழல் நல்லாயிருக்கிறது என்று காட்டுக்குள் இறக்கும் பழக்கம் எங்களுக்கு இல்லை. மிதிவெடி என்று எச்சரிக்கும் சிவப்பு மண்டையோட்டுப் பலகைகள் நின்ற காலத்தில் நடை பழகியவர்கள் நாங்கள்.

மத்தியானத்தில் உள்ளே எப்படி இருக்கும் என்பதுதான் எனக்கு இருந்த பெரிய கேள்வி. தகரக் கொட்டிலுக்குள் தலைக்கு மேலே அடுப்பு எரிவதுபோல இருக்குமே, அது இல்லை. இரண்டு அங்குல ரெஜிபோம் கூரையின் சூட்டைக் கீழே விடவில்லை. ஆனால் அது குளிரூட்டி அல்ல. யன்னலைப் பூட்டி வைத்தால் நாலு பேர் மூச்சே போதும் உள்ளே வேகுவதற்கு. திறந்து வைத்தால் வெளி மரநிழலில் எவ்வளவோ அவ்வளவுதான்.

முதல் இரவு சோளகக் காற்றுப் புழுதி அடித்தது என்று உள்ளே படுத்த அம்மாவும் அக்காவும் இரண்டு யன்னலையும் இறுக்கிப் பூட்டினார்கள். விடிய அக்காவின் நெற்றியில் சொட்டு விழுந்தது. கூரை ஒழுகுகிறது என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். வானத்தில் ஒரு முகில் இல்லை. இரண்டு பேர் இரவு முழுக்க விட்ட மூச்சு அது. கிடுகுக் கொட்டிலில் ஆயிரம் ஓட்டை இருக்கும், ஈரம் தன்பாட்டில் போய்விடும். இந்த நுரை ஈரத்தைக் குடிக்கவும் மாட்டாது, விடவும் மாட்டாது. அடுத்த நாள் கத்தியோடு ஏறி, கூரைக்குச் சற்றுக் கீழே முன்னும் பின்னும் கையகலத் துவாரம் வெட்டி நுளம்பு வலை ஒட்டினேன். பிறகு சொட்டவில்லை.

நுளம்பு என்றதும் இன்னொன்று. இரண்டாம் இரவு அக்கா நுளம்புத்திரியைக் கொளுத்திக் காலடியில் வைக்கப் போனார். நான் கத்திய கத்தில் பக்கத்துக் கூடாரத்தார் எழும்பிவிட்டார்கள். சாதாரண ரெஜிபோம் பிடித்தால் உருகிச் சொட்டுச் சொட்டாக எரியும், கறுத்த புகை வரும், துணியும் பெயின்றும் அதைக் கொஞ்ச நேரம்தான் மறிக்கும். இவ்வளவு சின்ன இடத்துக்கு ஒரே ஒரு கதவு. திரி, விளக்கு, அடுப்பு, சுருட்டு எதுவும் உள்ளே இல்லை. வலைதான். அக்கா அரை நாள் என்னோடு கதைக்கவில்லை. 2016இல் இலங்கையில் மலேரியா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது உண்மை. நடுங்கிக் கிடந்த தலைமுறைக்கு அதைச் சொல்லித் திரியை அணைக்க வைக்க முடியாது. டெங்கு வேறு இருக்கிறது.

அம்மா இரண்டு இரவும் விடியும்வரை நித்திரை கொண்டார். அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காலை மந்தி ஒன்று பாலை மரத்திலிருந்து எங்கள் கூரைக்குக் குதித்தது. பத்துக் கிலோ இருக்கும். உள்ளே யாரும் இல்லை. வெளியில் கூரையில் ஒரு கீறலும் இல்லை, வேட்டியும் பெயின்றும் அப்படியே. உள்ளே போய்ப் பார்த்தால் கூரை நடுவில் இடமிருந்து வலம்வரை பிளந்து, வாய் திறந்ததுபோலத் தொங்கியது.

செங்கல் வைத்துப் பார்த்தது

வீட்டுக்கு வந்ததும் ஓடாவி அண்ணை, "சொன்னனான்தானே, கூரைக்கு முதிரை வளை நாலு போடு" என்றார். போட்டிருப்போம். ஆனால் மேலே சேதமில்லாமல் கீழே மட்டும் ஏன் பிளந்தது என்ற கேள்வி என்னை விடவில்லை.

மீதித் தகட்டில் ஒரு அடி அகலம், நாலடி நீளத்துக்கு நாலு துண்டு வெட்டினேன். ஒன்றுக்குத் துணி இல்லை. ஒன்றுக்கு மேல்பக்கம் மட்டும். அடுத்ததற்குக் கீழ்ப்பக்கம் மட்டும். கடைசிக்கு இரண்டு பக்கமும். இரண்டு கதிரைக்கு நடுவே வைத்து, நடுவில் ஒவ்வொரு செங்கல்லாக ஏற்றினேன். ஒரு கல் இரண்டு கிலோவுக்கு மேல்.

வெறுந்துண்டு ஐந்தாவது கல்லில் பட்டென்று உடைந்தது. மேலே மட்டும் துணி ஒட்டியது ஆறாவதில் உடைந்தது, அதாவது துணியால் ஏறத்தாழ ஒரு பயனும் இல்லை. கீழே மட்டும் ஒட்டியது ஒன்பதுவரை தாங்கி மேல்முகம் நசுங்கியது. இரண்டு பக்கமும் ஒட்டியதில் பன்னிரண்டு கல் ஏற்றினேன். வளைந்தது, உடையவில்லை. வீட்டில் வேறு கல் இல்லை.

பாரம் மேலிருந்து வந்தால் தகட்டின் மேல்முகம் நெருங்கும், கீழ்முகம் இழுபடும். ரெஜிபோம் நெருக்கத்தைக் கொஞ்சம் தாங்கும். இழுத்தால் மணிக்கு மணி பிரிந்துவிடும். இழுவையைத் தாங்க வேண்டியது வேட்டி. நாங்கள் வேட்டியை மழைக்கு என்று நினைத்து வெளியே மட்டும் ஒட்டினோம். கூரைக்கு அது தேவைப்பட்ட இடம் உட்பக்கம். இரண்டு தோலையும் தூரத்தில் பிடித்து வைத்திருப்பதுதான் நுரையின் வேலை, பலம் தோலில் இருக்கிறது. தோல்களுக்கு இடையிலான தூரத்தை இரட்டித்தால் வளையாத தன்மை ஏறத்தாழ நாலு மடங்காகும். அதனால்தான் ஒரு அங்குலத் தகட்டை மரம் வைத்துப் பலப்படுத்துவதை விட, இரண்டங்குலத் தகட்டுக்கு இரு பக்கமும் பழைய துணி ஒட்டுவது மலிவு.

ஒரு பக்கம் மட்டும் ஒட்டியதில் இன்னொரு கெடுதியும் இருந்தது. பசை காயும்போது துணி கொஞ்சம் இழுக்கும், தகடு பாய் சுருள்வதுபோல வளையும். எங்கள் இடச்சுவர் முதலிலிருந்தே வெளியே வளைந்திருந்தது, அதை நாங்கள் வெட்டுப் பிழை என்று நினைத்திருந்தோம்.

கார்த்திகை

உட்பக்கம் ஒட்டுவதற்குள் காலபோக வேலை தொடங்கிவிட்டது. பெட்டியை இறக்கி வயல் மேட்டில் நாலு சீமெந்துக் கல்லின் மேல் வைத்தோம், மச்சான் காவலுக்கு அங்கே படுத்தார். வந்த முதல் காற்றில் பெட்டி ஒரு அடி நகர்ந்தது. பாரம் குறைவு என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்த நாங்கள் அதன் மறுபக்கத்தை அன்றைக்குத்தான் கண்டோம். மணிக்கு 50 கிலோமீற்றர் காற்று எங்கள் பக்கச் சுவரை 35 கிலோ அளவில் தள்ளும். வேகம் இரட்டித்தால் தள்ளல் நாலு மடங்கு, பெட்டியின் நிறையை விட இரண்டு மடங்கு கூட. நாலு மூலைக்கும் முளை அடித்துக் கயிறு கட்டினோம்.

2024 கார்த்திகை மழை வடக்கில் எப்படிக் கொட்டியது என்று எல்லோருக்கும் தெரியும். வாடைக்காற்று அடித்த பக்கத்துச் சுவரில் மூன்றாம் நாள் பெயின்ற் வெடித்து, அடியிலிருந்து இரண்டடி உயரத்துக்குத் துணி கொப்பளித்தது. கையால் உரித்தால் வந்தது, உள்ளே பசை திரும்பவும் பாலாகியிருந்தது. தளபாடத்துக்கு என்று விற்கும் சாதாரண வெள்ளைப் பசை தண்ணீரில் ஊறினால் இளகும். டப்பாவில் சின்ன எழுத்தில் உள்பாவனைக்கு என்று போட்டிருந்தது. வாசிக்காதது நாங்கள்.

மழை விட்டதும் எறும்பு. அடி விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்கு வெட்டு முகத்தைத் துணியால் மூடாமல் விட்டிருந்தோம், யாருக்குத் தெரியப்போகிறது என்று. எறும்புக்குத் தெரிந்திருக்கிறது. வெள்ளத்தில் புற்றிழந்த கூட்டம் அந்த வழியால் ஏறி, சுவருக்குள் அறை அறையாகக் குடைந்து முட்டை வைத்திருந்தது. மச்சான் இரவு இரண்டு மணிக்குக் கடி தாங்காமல் வரம்பில் நின்று எனக்கு போன் எடுத்தார். அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

2025 தை அறுவடை முடிந்து திருத்தினோம். வாடைப் பக்கச் சுவரின் துணியை முழுதாக உரித்தோம். வெள்ளைப் பசையை ஒதுக்கிவிட்டு, கொங்கிறீற் சிலாப் ஒழுகாமல் பூசும் அக்ரிலிக் பூச்சையே பசையாகப் பாவித்துத் துணி ஒட்டினோம். அது காய்ந்த பிறகு தண்ணீரில் இளகாது, ரெஜிபோமையும் கடிக்காது. உட்பக்கம் முழுவதற்கும் அதே. மற்றச் சுவர்களின் மேலும் இரண்டு கை ஓட்டினோம். வெட்டு முகம் எதுவும் வெளியே தெரியாதபடி எல்லா விளிம்பையும் துணியால் மடித்து மூடினோம். தளத்தின் அடியிலும் ஒரு நாலு மில்லிமீற்றர் பிளைவூட். இவ்வளவும் காய்ந்த பிறகு மூலையில் நின்ற முதிரைச் சட்டம் நாலையும் கழற்றி, ஓடாவி அண்ணைக்கு முன்னாலேயே பெட்டியைப் பிடித்து ஆட்டிக் காட்டினோம். அவர் தானும் ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். "சட்டத்தை எனக்குத் தா, கதிரைக்கால் போடலாம்" என்றார்.

நெல் நிறுக்கும் தராசில் நிறுத்தோம். ஒரு பக்கத்தைத் தராசிலும் மறுபக்கத்தைச் சம உயரக் கல்லிலும் வைத்து, பிறகு மாற்றிப் போட்டு, இரண்டையும் கூட்டினால் மொத்தம் வரும். 2024இல் 63 கிலோ, இப்போது 75. இந்த 75இல் நுரை வெறும் 14. கதவு, யன்னல், அடி என்று மரம் 19. பிளைவூட் 12. துணி 4. பிணைச்சல், போல்ட், வலை, பொங்கு நுரை எல்லாம் 7. மிச்சம் 19ம் பூச்சு. நாங்கள் தூரிகையால் தடவித் தடவி ஏற்றிய பாரம் நுரையை விடக் கூட. இன்னொருமுறை செய்தால் பூச்சை மெல்லிதாகப் பிழிந்து இழுத்து ஐந்து கிலோவாவது குறைப்பேன். பணம் எல்லாமாக 70,000 ரூபாய் அளவில் முடிந்தது. அதில் மூன்றிலொன்று உரித்து எறிந்ததற்கும் திரும்ப வாங்கியதற்கும்.

உடைந்த கூரையை மாற்றவில்லை. பிளவைப் பொங்கு நுரையால் நிரப்பி, கீழே இரட்டைத் துணி ஒட்டினோம். அதன் மேல் மச்சானின் மூத்தவன், 28 கிலோ, ஏறி நின்று பார்த்தான். அவனிடம் யாரும் கேட்கவில்லை, தானாகத்தான் ஏறினான்.

2025 ஆகஸ்டில் திரும்பவும் பாலம்பிட்டி வழியால் போனோம். மந்திகள் வந்தன. பக்கத்துக் கூடாரக்காரர் ஒருவர் நாடா கொண்டுவந்து அளவெடுத்துப் போனார். இந்தமுறை அம்மாவுக்கு ஒரே ஒரு குறை: படுத்தால் யன்னலுக்குள்ளால் மரக்கொப்பு மட்டும்தான் தெரிகிறது, கோயில் வெளிச்சம் தெரியவில்லை. எழும்பி இருந்து பார்க்க வேண்டியிருக்கிறதாம். அளந்து பார்த்தேன், ஒன்பது அங்குலம் கீழே இறக்க வேண்டும். கீழே வெட்டி எடுக்கும் துண்டு மேலே அடைக்கச் சரியாக வரும், வேட்டி ஒன்றுதான் இன்னும் தேவை.